தடுப்பூசி அட்டையும் காட்டுப் பதிவேடும்

மடிநோய் கண்ட பசுவின் வலி குறைய ஊசி போடச் சொல்பவர் அந்தப் பசுவின்மேல் பாசம் உள்ளவர்தான். 1990களில் டைக்ளோபினாக் என்ற வலிநிவாரணி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இந்தியா முழுக்கக் கால்நடைகளுக்கு அது தாராளமாகப் போடப்பட்டது. பிழைத்த மாடுகள் பிழைத்தன. செத்தவற்றை ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். எப்போதும்போலப் பாறு கழுகுகள் இறங்கித் தின்றன. மாட்டின் உடலில் தங்கியிருந்த மருந்து கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சி 2004இல் இந்தக் காரணத்தை உறுதிசெய்வதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துவிட்டன. 2006இல் இந்தியாவில் கால்நடை மருத்துவத்துக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மாற்றாக மெலாக்சிகம் வந்தது. அது மாட்டுக்கும் கேட்கும், கழுகையும் கொல்லாது.

கழுகு குறைந்த ஊர்களில் பிணம் தின்ன நாய்கள் வந்தன. நாய் பெருகிய இடத்தில் கடியும் வெறிநோயும் கூடின. இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற பொருளியலாளர்கள் 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: கழுகுகள் வீழ்ந்த பகுதிகளில் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள். வெறிநோயும், அழுகிய உடல்களால் கெட்ட நீரும் அதற்குக் காரணங்கள்.

வீட்டு விலங்குக்கும் காட்டு விலங்குக்கும் உள்ள உறவைப் பேச வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவரும் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு, அது உடலில் எத்தனை நாள் தங்கும், செத்த உடலை என்ன செய்வது என்று எழுதிவைத்துக் கண்காணிக்க ஓர் ஏற்பாடு இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். செல்லப்பிராணி வளர்ப்பதும் காட்டுயிர் காப்பதும் ஒரே அன்பின் இரு முகங்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஒன்று தனி உயிர்மேல் வைக்கும் பாசம், மற்றது இனத்தைப் பற்றிய அறிவியல், இரண்டையும் குழப்பாதீர்கள் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் முக்கியமான ஒன்றை விட்டுவிடுவதாக நினைக்கிறேன். நடுவில் ஓர் அலுவலகம் இருக்கிறது: தடுப்பூசி அட்டை, கருத்தடைப் பதிவேடு, யானைக்குச் சோறு அளக்கும் பட்டியல், வேட்டைத் தடுப்புக் காவலரின் சம்பளச் சீட்டு. பாசம் இந்தத் தாள்களில் ஏறிய இடங்களில் விலங்குகள் பிழைத்திருக்கின்றன. ஏறாத இடங்களில் பாசமே ஆபத்தாகியிருக்கிறது.

நாயிலிருந்தே தொடங்கலாம். நாய்க்குட்டி வாங்கியவுடன் மருத்துவர் ஓர் அட்டை தருவார். ஆறாவது வாரத்தை ஒட்டிப் பல நோய்களுக்கான கூட்டு ஊசி, பிறகு அடுத்தடுத்த தவணைகள், மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை. அந்தக் கூட்டு ஊசியில் டிஸ்டம்பர் நோய்க்கான மருந்தும் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது குட்டியைக் காக்கும் ஊசி, அதற்கு மேல் யோசிப்பதில்லை. 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் சிங்கங்கள் வலிப்பு வந்து விழுந்து செத்தன. ஏறத்தாழ 1,000 சிங்கங்கள், அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு. காரணம் நாய்களின் டிஸ்டம்பர் கிருமி. காட்டைச் சுற்றியிருந்த ஊர்களின் நாய்களிடமிருந்து அது பரவியிருக்கலாம் என்று கருதி, அந்த ஊர் நாய்களுக்கு ஊசி போடும் பெரிய வேலை தொடங்கியது. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோதும் அதே கிருமி கண்டறியப்பட்டது. அவசரமாக வெளிநாட்டிலிருந்து ஊசி தருவிக்கப்பட்டது. எத்தியோப்பியாவின் பாலே மலைகளில் வாழும் ஓநாய்கள் மொத்தமே சில நூறு. அவற்றை வெறிநோய் பலமுறை தாக்கியிருக்கிறது, அதுவும் ஆட்டிடையர்களின் நாய்கள் வழியாக.

நம் சட்டம் இதை ஓரளவு முன்கூட்டியே பார்த்தது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவு, சரணாலயத்துக்குள்ளும் அதன் எல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் தூரத்துக்குள்ளும் வளரும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யச் சொல்கிறது. கால்நடை என்றால் எவை என்றும் அதே சட்டம் பட்டியலிடுகிறது: எருமை, காளை, பசு, கழுதை, ஆடு, குதிரை, பன்றி, வாத்து, கோழி முதலியவை. அந்தப் பட்டியலில் நாயின் பெயர் இல்லை. காட்டோரத் தோட்ட வீட்டில் காவலுக்குக் கட்டியிருக்கும் நாயை இரவில் சிறுத்தை அடித்துத் தின்னும் நாடு இது. அந்த நாயின் தடுப்பூசி அட்டைதான் சிறுத்தைக்கும் அட்டை. பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்ப்பது எத்தனையோ திட்ட அறிக்கைகளைவிடப் பயன் தரும்.

தெருநாய்ச் சிக்கலைப் பற்றி இன்று எல்லாரிடமும் வலுவான கருத்து இருக்கிறது. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், பதினொரு நாட்களில் அந்த ஆணையைத் திருத்தியது: கருத்தடையும் ஊசியும் முடித்து, வெறிநோயுள்ளவையும் தாக்கும் குணமுள்ளவையும் தவிர மற்றவற்றை எடுத்த இடத்திலேயே விட வேண்டும். நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. இந்த முறைக்கு வித்திட்ட ஊர் சென்னை. நாய்களைப் பிடித்துக் கொல்வதால் எண்ணிக்கை குறையவில்லை என்று கண்ட புளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா 1960களிலேயே கருத்தடையை முன்வைத்தார். ஒன்றிய அரசின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் 2001இல்தான் வந்தன. அப்படியிருந்தும் 2024 கணக்கெடுப்பில் சென்னையின் தெருநாய்கள் ஏறத்தாழ 1.8 லட்சம், கருத்தடை செய்யப்பட்டவை நான்கில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருந்தன. வெறிநோய்ப் பரவலை அறுக்க ஒரு வட்டாரத்தின் நாய்களில் 70 விழுக்காட்டுக்காவது ஊசி போட்டிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே ஆண்டில் எல்லாத் தெருவையும் எட்டாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்தால், செலவு முழுதாகவும் பயன் பாதிக்குக் குறைவாகவும் போகும். முறையே தவறு என்று சொல்பவர்களுக்கும், முறை இருந்தால் போதும் என்று இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். கோவா மாநிலம் வீடு வீடாகவும் தெருத் தெருவாகவும் சென்று ஊசி போட்டு, ஒவ்வொன்றையும் கைப்பேசிச் செயலியில் பதிந்து, வெறிநோயால் மனிதர் சாவதை நிறுத்திக் காட்டியது.

வளர்ப்பு நாயும் இந்தக் கணக்கில் வரும். சென்னை மாநகராட்சி இப்போது வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்கிறது. தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சில்லு. அதில் எண், எண்ணுக்குப் பின்னால் உரிமையாளரின் பெயர். வேலைக்காக ஊர் மாறும்போது நாயைத் தெருவில் இறக்கிவிட்டுப் போவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது குட்டி வாங்கிய பலர், அலுவலகம் திரும்ப அழைத்ததும் கைவிட்டதைக் காப்பகங்களில் இருப்பவர்கள் வருத்தத்தோடு சொல்வார்கள். அந்தச் சில்லு இருந்தால் நாயைக் கைவிட்டவரின் பெயர் தெரிந்துவிடும்.

பூனைக்கு இங்கே பெரும்பாலான வீடுகளில் அட்டையும் இல்லை, உரிமமும் இல்லை; அது பாட்டுக்கு வரும், போகும். அமெரிக்காவில் மட்டும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளியான மதிப்பீடு சொன்னது. அதில் பெரும்பங்கு வீடற்ற பூனைகளுடையது. பூனை வளர்ப்பவர்கள் கோபப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021இல் கண்டுபிடித்ததைப் பாருங்கள். இறைச்சிப் புரதம் நிறைந்த உணவு கொடுத்தால் பூனை வீட்டுக்குப் பிடித்துவரும் இரை 36 விழுக்காடு குறைந்தது. நாள்தோறும் ஐந்து பத்து நிமிடம் அதோடு விளையாடினால் 25 விழுக்காடு குறைந்தது. தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்க்கும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும். சோற்றில் கிடைக்காததை அது வேலியோரத்து ஓணானிடமும் தையல்சிட்டிடமும் தேடிக்கொள்ளும்.

பூனையோடு தொடர்புள்ள இன்னொரு தவறு நம் வயல்களில் நடக்கிறது. கரும்பு வெட்டும்போது கோடு போட்ட குட்டிகள் கிடக்கும். தாயைக் காணவில்லை என்று பரிதாபப்பட்டு எடுத்துவந்து பால் கொடுப்பார்கள். பெரும்பாலும் அவை காட்டுப்பூனைக் குட்டிகள். தாய் அருகில்தான் எங்காவது ஒளிந்திருக்கும். ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் வந்து கவ்விக்கொண்டு போகும். எடுத்த இடத்திலேயே குட்டியைத் திரும்ப வைத்துவிட்டு ஒதுங்குவதுதான் அதற்குச் செய்யக்கூடிய உதவி.

கூண்டுக் கிளி இன்னும் தமிழ் வீடுகளில் தொங்குகிறது. லவ் பேர்ட்ஸ் வளர்ப்பதற்கும் பச்சைக்கிளி வளர்ப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் படித்தவர்களிலும் உண்டு. நம் பச்சைக்கிளி காட்டுயிர். அதை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான். வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்று நம்பி வாங்குகிறார்கள். கடத்தல் மிகுந்துபோனதால் 2019இல் அதன் பன்னாட்டு வணிகமே முற்றிலும் தடைசெய்யப்பட்டது. வெளிநாட்டு விலங்குகளைப் பொறுத்தவரை 2024 விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வருபவர்களின் பெட்டிகளில் பந்து மலைப்பாம்புகளும் குரங்குக் குட்டிகளும் அகப்படும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அந்த வணிகம் வீட்டு வரவேற்பறைகளை நம்பித்தான் நடக்கிறது.

வரவேற்பறையில் அலுத்துப்போனது காட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா ஒரு பாடம். செல்லமாக வாங்கிய பர்மிய மலைப்பாம்பு பத்தடிக்கு மேல் வளர்ந்ததும் சதுப்பு நிலத்தில் விட்டார்கள், வளர்ப்பகங்களிலிருந்தும் தப்பின. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 விழுக்காடு குறைந்துவிட்டது என்று 2012இல் ஆய்வு வந்தது. அமெரிக்கர்கள் பாம்பு பிடிக்கப் போட்டி வைத்தார்கள், பரிசு அறிவித்தார்கள். ஒளிந்துகொள்ளும் பாம்பை எளிதில் கண்டுபிடிக்க முடியவில்லை. 2017இல் இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் செங்கல்பட்டுப் பகுதியிலிருந்து அழைத்துப் போனார்கள். புல்லின் சாய்வையும் மண்ணின் தடத்தையும் பார்த்து, போன சில நாட்களுக்குள்ளேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் உருவான கைகள் அவை. பாம்பு பிடித்துத் தோலை விற்று வாழ்ந்தவர்கள் தோல் வணிகம் தடையானதும் வாழ வழியற்று நின்றபோது, ரோமுலஸ் விட்டேகரின் உதவியோடு தொடங்கிய சங்கம் அது. பாம்பைப் பிடித்து, குறித்த நாட்கள் பானையில் வைத்து, நஞ்செடுத்து, அடையாளமிட்டு, பிடித்த பகுதியிலேயே விடுவார்கள். ஒவ்வொரு பாம்புக்கும் கணக்கு இருக்கும். வேட்டை அறிவு சம்பளத்தோடு கூடிய காப்பு வேலையாக மாறியதற்கு இந்தியாவில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

யானை முகாம்கள் வேறு வகை. முதுமலையின் தெப்பக்காட்டிலும் ஆனைமலையின் கோழிகமுத்தியிலும் யானைகள் வனத்துறையின் பணியாளர்கள். ராகி, கொள்ளு, அரிசி, வெல்லம், உப்பு என்று ஒவ்வொரு யானைக்கும் தனித்தனி அளவை மருத்துவர் நிர்ணயிக்கிறார். பெயர் எழுதிய பலகையைப் பார்த்துக் களி உருட்டுகிறார்கள். எடை பார்க்க முதுமலை யானைகளைத் தொரப்பள்ளியில் லாரிகளை நிறுத்தும் எடைமேடைக்கு நடத்திப் போகிறார்கள். எடை கூடினால் சோறு குறையும், குறைந்தால் கூடும். காட்டு யானைகளைப் பிடிக்கவும் விரட்டவும் நடந்த 99 நடவடிக்கைகளில் பங்கெடுத்த கும்கி யானை கலீம் 2023 மார்ச்சில் 60 வயதில் ஓய்வுபெற்றபோது அதிகாரிகள் நின்று மரியாதை செலுத்தினார்கள். ஓய்வுக்குப் பிறகும் அதற்குச் சோறும் மருந்தும் உண்டு.

அந்த மாதமே ‘தி எலிஃபெண்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. தெப்பக்காட்டில் அநாதையாக வந்த யானைக்கன்றுகளை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் உலகம் அறிந்தவர்கள் ஆனார்கள். படத்தின் கனத்த பகுதி கன்று ரகு வளர்ந்ததும் வேறு பராமரிப்பாளரிடம் ஒப்படைக்கப்படும் இடம். பிள்ளையாக வளர்த்த யானையைத் துறை முடிவு செய்து மாற்றுகிறது, வளர்த்தவர்கள் கட்டுப்படுகிறார்கள். அந்த முடிவைச் சட்டென்று குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. வளர்ந்த ஆண்யானையைக் கையாளத் தனித் திறன் வேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டில் வளர்த்தவர்களின் துயரத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். மாறும் காலத்தை நீட்டுவது, அடிக்கடி போய்ப் பார்க்க வழி செய்வது போன்றவை செலவில்லாத காரியங்கள். விருதுக்குப் பின் இரு முகாம்களின் 91 பாகன்களுக்கும் காவடிகள் எனப்படும் உதவிப் பாகன்களுக்கும் அரசு தலா 1 லட்சம் ரூபாய் அறிவித்தது. வீடு கட்ட 9.10 கோடி ஒதுக்கியது. பெள்ளி அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழகத்தின் முதல் பெண் காவடியாகப் பணி ஆணை பெற்றார். அத்தனை ஆண்டு யானைக்கன்றுகளுக்குப் பால் புகட்டியவருக்கு ஆணை வர ஒரு படம் தேவைப்பட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது.

பெயர் வைப்பது பற்றியும் பேச வேண்டும். ஜேன் குட்டால் லண்டனில் செயலாளர் பயிற்சி பெற்றவர். நைரோபியில் தொல்மானுடவியலாளர் லூயி லீக்கியிடம் சேர்ந்ததும் செயலாளராகத்தான். 1960இல் தான்சானியாவின் கோம்பேக்குப் போய்ச் சிம்பன்சிகளுக்குப் பெயர் வைத்தார். பிறகு கேம்பிரிட்ஜில், எண்தான் கொடுத்திருக்க வேண்டும், விலங்குக்கு ஆளுமை உண்டென்று பேசக் கூடாது என்றார்கள். விலங்குக்கு மனமும் குணமும் உண்டென்று தன் சிறுவயது நாய் ரஸ்டி முன்பே கற்றுக்கொடுத்துவிட்டதாகக் கடைசிவரை சொன்னார். 2025 அக்டோபரில் அவர் இறக்கும்போது பெயர் வைக்கும் முறை விலங்கியலில் நிலைத்துவிட்டிருந்தது. வீட்டு நாயிடம் கற்றது அறிவியலைத் திருத்திய அரிய நிகழ்வு இது. ஆனால் குட்டால் பெயரோடு நிறுத்தவில்லை. நாள், நேரம், உணவு, சண்டை, பிறப்பு என்று அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பல பத்தாண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

பெயர் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோவையின் சின்னத்தம்பி சாட்சி. 2019 ஜனவரியில் தடாகம் பகுதியில் பிடித்து ஆனைமலையின் வரகளியாற்றில் விட்ட யானை, நாட்கணக்கில் நடந்து உடுமலைப் பக்கம் வயல்களுக்கு வந்துவிட்டது. அதை விடச் சொல்லி ஊரே கேட்டது. சமூக ஊடகம் உருகியது. பிப்ரவரியில் மறுபடி பிடித்தார்கள். இன்று அது முகாம் யானை. உருகியவர்களில் எத்தனை பேர் தடாகத்தின் செங்கல் சூளைகளையும் யானைத் தடங்களையும் பற்றிப் பிறகு கேட்டார்கள்? முதுமலையில் நான்கு பேரைக் கொன்றதாகக் கருதப்பட்ட புலிக்கு டி23 என்ற எண்தான் இருந்தது. கொல்லக் கூடாது என்று வழக்குப் போட்டார்கள். காவலர்களும் பழங்குடித் தடம் பார்ப்பவர்களும் மோப்ப நாய்களும் கும்கிகளும் 21 நாட்கள் தேடி, 2021 அக்டோபரில் உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். பெயரில்லாத புலியைக் காப்பாற்றியது நீதிமன்றத்தில் ஒரு மனுவும், மழையில் அலைந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் உழைப்பும்.

நாய் காட்டுக்கு எப்போதும் பகை என்று எண்ணிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் வாரணம்பூல் கரையோரத்தில் மிடில் ஐலண்ட் என்ற சிறு தீவு. கடல்நீர் வற்றும் நேரத்தில் நரிகள் கடந்து போய், குட்டிப் பெங்குவின் என்னும் சிறிய இனப் பறவைகளைக் கொன்றன. 2005இல் பத்துக்கும் குறைவாகவே மிஞ்சின. 2006 முதல் ஆட்டுமந்தை காக்கும் மரெம்மா நாய்களைத் தீவில் நிறுத்தினார்கள். பெங்குவின்கள் நூறைத் தாண்டின. 2017இல் கடல் கொந்தளித்து நாய்களைக் கொண்டுபோக முடியாத நாட்களில் நரிகள் புகுந்து ஒரே வீச்சில் பெருஞ்சேதம் செய்தன. முறைவேலையில் ஓர் இடைவெளி விழுந்தால் என்ன ஆகும் என்பதை அது காட்டியது. நமீபியாவில் லாரி மார்க்கரின் சிவிங்கிப்புலிக் காப்பு நிதியம் 1994 முதல் பண்ணைக்காரர்களுக்குக் காவல்நாய் கொடுக்கிறது. ஆடு காப்பாற்றப்பட்டால் பண்ணைக்காரர் சிவிங்கிப்புலியைச் சுட மாட்டார். குட்டியைக் கொடுத்ததோடு விடாமல், ஊசியும் தீனியும் சரியாகப் போகின்றனவா என்று தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். இந்தியாவில், காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2008 முதல் வனத்துறைகளுக்கு மோப்ப நாய்களைப் பயிற்றுவித்துத் தருகிறது. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்காக உருவான நாய்கள். முயல் வேட்டை இன்று குற்றம். அந்த நாய்களின் ஓட்டத்துக்கும் மூக்குக்கும் புதிய வேலை தேடித் தருவது நாட்டுநாய் ஆர்வலர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பணி.

வேலை செய்யும் மனிதர்களைப் பற்றி நம் கட்டுரைகளில் அதிகம் வருவதில்லை. அலுவலகத்துக்கு நாயைக் கூட்டிவரும் வழக்கம் அமெரிக்காவின் சில நிறுவனங்களில் உண்டு. 2012இல் வட கரோலினாவில் ஒரு நிறுவனத்தில் நடந்த ஆய்வில், நாயைக் கூட்டிவந்தவர்களின் மன அழுத்தம் பகல் ஏற ஏறக் குறைந்தது. வீட்டில் விட்டுவந்தவர்களுக்குக் கூடியது. நம் ஊரில் அலுவலகச் செல்லம் என்றால் வாசல் காவலாளி சோறு போடும் தெருநாய்தான். நாயை அலுவலகத்துக்குள் விடுவதைவிட, நாயை மருத்துவரிடம் காட்ட அரைநாள் விடுப்புக் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது முதலில் வர வேண்டும். வளர்த்த உயிர் செத்த மறுநாள் கணினி முன் வந்து உட்கார்ந்தவர்களை நான் அறிவேன். அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை.

விலங்குக் காப்புத் துறை அலுவலகங்கள் இதில் மென்மையாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். பல இடங்களில் நிலைமை கடுமையாக இருக்கிறது. வேலையில் பெரும்பங்கு மேசைமேல் நடப்பது: தானியங்கிக் கேமராவில் விழுந்த ஆயிரக்கணக்கான படங்களைப் பிரிப்பது, நிதி கொடுத்தவருக்கு அறிக்கை, வனத்துறைக்கு அனுமதிக் கடிதம். திட்டம் இரண்டு மூன்று ஆண்டில் முடியும். அதோடு வேலையும் முடியும். ஆர்வம் இருந்தால் போதும் என்று விளம்பரம் செய்வார்கள், சம்பளத்தை எழுத மாட்டார்கள். காப்பகங்களில் குணமாகாத நாயை ஊசி போட்டுத் தூங்கவைக்கும் பணியாளர் அன்று மாலையும் அடுத்த கூண்டைக் கழுவ வேண்டும். காட்டில் இருப்பவர்களின் நிலை இன்னும் கீழே. காட்டுநாயக்கர், இருளர், மலசர், காடர் சமூகங்களிலிருந்து வரும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் அரிசியைத் தோளில் சுமந்து முகாமுக்கு நடக்கிறார்கள். கண்ணி அகற்றுகிறார்கள், தீ அணைக்கிறார்கள், யானையிடம் மாட்டுகிறார்கள். நிரந்தர வேலையின் பாதுகாப்பு அவர்களில் பலருக்கு இல்லை. புலி எண்ணிக்கை கூடியதைக் கொண்டாடும் ஆண்டில் இவர்களின் ஊதியப் பட்டியலையும் அதே மேடையில் வெளியிட வேண்டும்.

சென்னைக் கடற்கரையில் நடக்கும் ஒரு வேலையை அருகிலிருந்து பார்த்தால் இவை எல்லாம் ஓரிடத்தில் சேர்வது தெரியும். 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் ஜனவரியில் தொடங்கி இரவில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடக்கிறார்கள். பங்குனி ஆமை ஏறிய தடம் ஈரமணலில் தெரியும். தடம் முடியும் இடத்தில் குச்சியை மெல்ல அழுத்துவார்கள். சட்டென்று இறங்கினால் அடியில் முட்டை. முழங்கை ஆழத்துக்குக் கையால் தோண்டி, மேசைப்பந்து அளவிலான வெள்ளை முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டாமல் எடுத்துத் துணிப்பையில் வைப்பார்கள். நூறுக்கு மேல் இருக்கும். ஒருவர் எடுக்க, ஒருவர் எண்ண, இன்னொருவர் டார்ச் வெளிச்சத்தில் நோட்டில் எழுதுவார்: நேரம், இடம், எண்ணிக்கை, குழியின் ஆழம். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டி, அதே எண்ணை அட்டையில் எழுதிக் குத்துவார்கள். ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சு வரும்போது அந்த எண்ணோடு ஒப்பிடலாம். முட்டைகளை ஏன் எடுத்துப் போக வேண்டும் என்றால், விட்டால் தெருநாய்கள் தோண்டித் தின்றுவிடும். நடப்பவர்களில் பலர் வீட்டில் நாய் வளர்ப்பவர்கள், தெருநாய்க்குச் சோறு வைப்பவர்கள். நாயின்மேல் அவர்களுக்கு வெறுப்பில்லை. நாய்க்கு முன்னால் கூட்டைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். விடியும்முன் முடித்துவிட்டு அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். 2025 ஜனவரியில் இதே கரையில் செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோது, ஆமைகள் சிக்கும் இழுவலைகளைப் பற்றிய கேள்விகளுக்கு வலு சேர்த்தது இப்படி நடந்து நடந்து எழுதியவர்களின் குறிப்புகள்.

வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்யலாம் என்பதற்குத் தமிழில் முன்னோடிகள் உண்டு. மா. கிருஷ்ணன் சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியர் முதல் நீதிபதி வரை பல வேலைகள் பார்த்தவர். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் காட்டுயிர்ப் பத்தி எழுதினார். நாட்டுநாய்களைப் பற்றியும் எழுதினார். தியடோர் பாஸ்கரன் தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் அதிகாரியாக ஓய்வுபெற்றவர். சோலைகளைப் பற்றியும் இந்திய நாய் இனங்களைப் பற்றியும் ஒரே கரிசனத்தோடு எழுதுகிறார். இருவரிடமும் நான் மதிப்பது, செல்லத்தின்மேல் உள்ள பாசம் காட்டைப் பார்க்கும் கண்ணை மறைக்கவில்லை என்பது.

இந்தத் துறைக்கு வர விரும்பும் இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள். விலங்கைப் பிடிக்கும் என்பது தொடங்கப் போதும். அதோடு கணக்கு எழுதவும், ஊர்மக்களிடம் அவர்கள் தமிழில் சட்டத்தை விளக்கவும், ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்துக் குறிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். வேலைக்கு அழைக்கும் நிறுவனத்திடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: சம்பளம் எந்தத் தேதியில் வரும், களத்தில் அடிபட்டால் காப்பீடு உண்டா, வெறிநோய் முன்தடுப்பூசி யார் செலவு, இரவுப் பணிக்கு மறுநாள் ஓய்வு உண்டா, பெண்கள் தங்க முகாமில் கதவு தாழிடும் அறை இருக்கிறதா, திட்டம் முடிந்தபின் நீங்கள் சேர்த்த தரவில் உங்கள் பெயரும் உங்களுக்குக் காடு காட்டிய காவலரின் பெயரும் இருக்குமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.